அம்பாசடர் கிளம்பிய வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் இஸ்திரி காணாத துணி என்று ஒன்று இருந்தால் அது என்னுடைய காக்கிச் சட்டைதான். அப்பாவுக்குத் தொழிலே இஸ்திரி. கோச்சடையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலை ஒட்டி, வேப்பமர நிழலில் அவருடைய தள்ளுவண்டி நிற்கும். மிச்சத் துணிகளை இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்ப்பார். தலையணை உறைக்குக்கூட மடிப்பு வைக்கிற மனிதர். அவர் வைக்கும் மடிப்பில் விரலை ஓட்டினால் விரல் அறுபட்டுவிடும் என்று குடியிருப்புக்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் என் பட்டறைச் சட்டையை மட்டும் தொடமாட்டார்.

"அதுல எண்ணெய் ஊறிக் கெடக்குடா. பெட்டிய அதுல வச்சேன்னா அடுத்த வெள்ளைச் சட்டையில அப்பிரும். டாக்டர் வீட்டுச் சட்டைய நாசம் பண்ணிட்டு நான் அந்த வாசல்ல நிக்க முடியுமா?"

அது நியாயமான காரணம்தான். முழுக் காரணம் அது இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் வகையறாவில் கையெழுத்துக்கு மேல் எழுதிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். என்னைப் படிக்கவைத்த காலமெல்லாம் அப்பாவின் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரார் வெள்ளைச் சட்டைகளையே தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தவர், தன் மகனுக்கு என்று ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டி, அவன் கழுத்தில் அடையாள அட்டையோடு வேலைக்குப் போவதைப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டையைத் தைத்தும் வாங்கிவிட்டார். மடிப்புக் குலையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டிவைத்திருந்தார்.

நானோ செல்லூரில் ஒரு கார் பட்டறையில் காக்கியைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

ஏன் அங்கே போனேன் என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஓர் இன்ஜின் இருந்தது. உள்ளே தெரிவதற்காகப் பாதியாக வெட்டி, காற்று உள்ளே போகும் வழிக்கு நீலமும் புகை வெளியே வரும் வழிக்குச் சிவப்பும் அடித்துவைத்திருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறும், இறங்கும். உறிஞ்சும், அமுக்கும், எரிக்கும், வெளியே தள்ளும் என்று நான்கு வீச்சுகளையும் மனப்பாடமாகச் சொல்வோம். மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் படித்து முடிக்கும்வரை அந்த இன்ஜின் ஒரு சத்தம்கூடப் போட்டதில்லை. தேர்வு முடிந்து சும்மா இருந்த நாட்களில் பொழுதுபோகாமல் இந்தப் பட்டறைக்கு வந்தேன். தடதடத்துக்கொண்டிருந்த ஒரு வேனில், இப்படித் திருப்பு என்று ஒரு திருகைக் காட்டினார்கள். கொஞ்சம் திருப்பினேன். தடதடப்பு அடங்கி வண்டி சீராக மூச்சு விட்டது. என் கையில் அது நடந்தது. அதற்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை.

பட்டறை முதலாளி எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர். எல்லோருக்கும் அண்ணன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ டிப்ளமா, பதினாலாம் நம்பர் ஸ்பானர எடு" என்பார். இன்னொரு மெக்கானிக் என் வயதுக்காரன். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. பட்டறையில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

பக்கத்துச் சுவர் விசைத்தறிக் கூடத்தோடு ஒட்டியது. காலை முதல் மாலை வரை சடக் சடக்கென்று தறிகள் ஓடும். அந்தக் கூடத்தை நடத்தியவர் சௌராஷ்டிரக் குடும்பத்து அக்கா ஒருவர். எங்கள் பட்டறைக்கும் தறிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. தறியின் மோட்டார் மக்கர் பண்ணினால் அண்ணன் போய்ப் பார்ப்பார். தறியில் விழும் கழிவு நூல் மூட்டை மூட்டையாக எங்களுக்கு வந்துவிடும். கை துடைக்க, எண்ணெய் ஒற்ற, எல்லாவற்றுக்கும் அந்த நூல்தான்.

இன்னொரு உபயோகமும் உண்டு. செல்லூர் சந்துகளில் தறிப் பஞ்சு எப்போதும் காற்றில் மிதக்கும். புருவத்தில் படியும், டீயில் விழும். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் எந்தக் குழாயைக் கழற்றினாலும் அதன் வாயைக் கழிவு நூலை உருட்டி அடைத்துவிட வேண்டும். அடைத்த நூலுக்கு வெளியே ஒரு வால் தொங்கவிட வேண்டும். மாட்டும்போது சிவப்பாகவோ பச்சையாகவோ வால் கண்ணில் படும், உருவிப் போட்டுவிட்டு மாட்டலாம். அண்ணன் இதை வேதம்போலச் சொல்வார். "வால் இல்லாம அடைக்காதீங்கடா. வால் இல்லாதது மனுசன் மட்டுந்தான், அவனே அம்புட்டுக் கெடுதி பண்றான்."

அந்த அக்காவிடம் ஓர் அம்பாசடர் இருந்தது. அவர் மாமனார் காலத்துக் கார். பால் வெள்ளை நிறம் மஞ்சளேறி, தறிக்கூடத்தின் பின்னால் பாவு நூல் கட்டுகளைச் சுமந்துகொண்டு பல காலமாக நின்றது. வீட்டு ஆண்கள் எடைக்குப் போடச் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. தானே ஓட்டுநர் பள்ளிக்குப் போய் லைசன்ஸ் வாங்கிவிட்டு வந்து அண்ணன் முன்னால் நின்றார்.

"தம்பி, இத எனக்கு ஓட வச்சுக் குடுங்க. வேற கார் வேணாம். இதுலதான் நான் கல்யாணமாகி வந்து இறங்குனேன். அன்னைக்குப் பின்னாடி உக்காந்து வந்தேன். இனிமே முன்னாடி உக்காந்து போறேன்."

இன்ஜினைக் கழற்றி லேத்துக்கு அனுப்பினோம். அது புது பிஸ்டன்களோடு கழுவித் துடைத்துத் திரும்பி வந்த அன்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

"டிப்ளமா, இத நீ இறக்கு. நான் கை வைக்க மாட்டேன். மாப்ள உனக்குச் செயின் மட்டும் இழுப்பான்."

அதுவரை நான் முழுதாகச் செய்த வேலை என்று ஒரு பிரேக் வேலைகூட இல்லை.

அன்று சாப்பிடும்போது வாய் அடங்காமல் வீட்டில் சொல்லிவிட்டேன். சொன்ன நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தாய்மாமன் போன் செய்திருந்தார். டிப்ளமாக்காரர்களை எடுக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் வந்து சேரச் சொல்லுங்கள் என்று. அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு என் நகக்கண்களைப் பார்த்தார்.

"தனியா ஒரு இன்ஜின இறக்கப்போறியா?"

"ஆமாப்பா."

"அது ஓடுமா?"

"ஓடும்."

"சரி. அது ஓடுச்சுன்னா நீ மெக்கானிக்குன்னு நானே ஒத்துக்கிறேன். உன் இஷ்டப்படி இரு. ஓடலைன்னா அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டு மறுநா பஸ் ஏறணும். என்ன?"

அம்மா சோற்றுக் கரண்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிப்பா" என்றேன்.

மறுநாள் காலை அண்ணன், பேரையூர்ப் பக்கம் ஒரு வேன் நின்றுவிட்டது என்று பைக்கில் கிளம்பிவிட்டார். நிஜமாகவே நின்றதா, என்னைத் தனியாக விடுவதற்காகப் போனாரா என்று இன்றுவரை தெரியாது.

பானெட்டைக் கழற்றினோம். ரேடியேட்டரை எடுத்தோம். கூரையின் கேர்டரில் செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினைத் தூக்கினோம். தரையில் இருக்கும்போது இன்ஜின் ஒரு பொருள். அந்தரத்தில் தொங்கும்போது அது ஒரு மிருகம். லேசாகத் தொட்டால் சுழலும், ஆடும், எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. கார் முகப்பின் வெற்றுக் குழிக்குள் நான் ஒரு காலை விட்டு நின்றுகொண்டேன். மாப்ள சங்கிலியை இழுத்தான்.

"இறக்கவா?"

"கொஞ்சம். போதும் போதும். நில்லு."

"ஏன் மாப்ள, பிள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி பயப்படுற?"

"பேசாம செயினப் பிடிடா."

அம்பாசடரில் கியர் பாக்ஸ் வண்டியிலேயே இருந்தது. அதன் வாயிலிருந்து நீண்டிருக்கும் ஷாஃப்ட், இன்ஜினின் பின்னாலிருக்கும் கிளட்ச் பிளேட்டின் நடுத் துளைக்குள் நேராகப் போய் உட்கார வேண்டும். அது போகவில்லை. இடப்பக்கம் அசைத்தோம், வலப்பக்கம் அசைத்தோம், ஜாக்கி வைத்து கியர் பாக்ஸைத் தூக்கினோம். ஒரு கட்டத்தில் நானும் அவனும் இன்ஜினைக் கட்டிப்பிடித்துத் தள்ளினோம். கைக்கு இடைவெளி இருக்கிறது, ஆனால் உள்ளே போகமாட்டேன் என்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிப் போனது.

"மாப்ள, போல்ட்டப் போட்டு முறுக்கி இழுத்துருவமா? தன்னால போயிரும்" என்றான்.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முறுக்கினால் ஏதோ ஒன்று உடையும், உடைவது எது என்று தெரியும்போது மாதக் கடைசி வந்திருக்கும். "மேல தூக்கு" என்றேன். அவன் திட்டிக்கொண்டே தூக்கினான்.

கிளட்ச் பிளேட்டை நான் கண்ணளவில் நடுவில் வைத்து இறுக்கியிருந்தேன். கண்ணளவு போதவில்லை. அதை நடுவாக நிறுத்திவைக்க ஒரு பழைய ஷாஃப்ட் வேண்டும், பட்டறையில் அப்படி ஒன்று இல்லை. யோசித்துக்கொண்டே தறிக்கூடத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சிகள் கூடையில் கிடந்தன. ஒரு முனை தடிப்பு, ஒரு முனை மெலிவு. அக்காவிடம் கேட்டு ஒன்றை எடுத்துவந்து, துளைக்குச் சரியாக நிற்கும்வரை டேப்பைச் சுற்றினேன். சொருகினேன். பிளேட் அசையாமல் நடுவில் நின்றது. இறுக்கிவிட்டுக் குச்சியை உருவினேன்.

இந்த முறை மாப்ள கேலி பேசவில்லை. இன்ஜின் இறங்கியது. ஷாஃப்ட் துளையைத் தொட்டது. இன்ஜினின் முன்பக்கப் புல்லியைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளினேன். ஏதோ ஒரு நொடியில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் 'டொக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை என்னால் இன்னும் உள்ளங்கையில் கேட்க முடியும்.

"மாப்ள!" என்று கத்தினான் அவன். சங்கிலியை விட்டுவிட்டு ஓடிவந்து எண்ணெய்க் கையால் என் கன்னத்தைக் கிள்ளினான்.

பிறகு சைலன்சர் குழாயை மாட்டினோம், வயர்களை மாட்டினோம், தண்ணீர், எண்ணெய் எல்லாம் ஊற்றினோம். அண்ணன் திரும்பி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததே பாராட்டு என்று மாப்ள காதில் சொன்னான். அக்கா நாள் பார்த்து வெள்ளிக்கிழமை காலை என்றார். அன்று பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்குள் சாவியைத் திருப்பிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சந்தே கூடிவிட்டது. தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். அம்பாசடரைத் துடைத்துச் சந்தனம் வைத்து, நான்கு டயர்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரத்தட்டோடு அக்கா பக்கத்தில் வர, அண்ணன் பதறிப்போனார். "அக்கா, பெட்ரோல் வண்டிக்கா! அங்கிட்டு நின்னே காட்டுங்க, சாமி கண்ணுக்குத் தெரியும்."

அப்பா தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். பின்னால் தேய்த்த துணி மூட்டைகள். கோச்சடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவை. கூட்டத்துக்குள் வராமல் சுவரோரமாக நின்றுகொண்டார்.

அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினார். உட்கார்ந்தேன். திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடித்தது, கூட்டம் ஹோ என்றது. ஹோ முடிவதற்குள் இன்ஜின் திணறி, இருமி, அணைந்துவிட்டது.

மறுபடியும் திருப்பினேன். இந்த முறை அதுகூட இல்லை. கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது.

பிறகு நடந்ததை எல்லா மெக்கானிக்குகளும் அறிவார்கள். ஓடாத வண்டிக்கு முன்னால் எல்லோரும் டாக்டர்தான். அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தார். மாப்ள பெட்ரோல் குழாயைக் கழற்றி வருகிறதா என்று பார்த்தான். வந்தது. பிளக்கில் பொறி பார்த்தோம். நீலமாக அடித்தது. தறிக்காரர் ஒருவர், வண்டியைத் தெற்கே பார்த்து நிறுத்தியிருக்கக் கூடாது என்றார். மூன்றாம் வீட்டுக்காரர், "திருஷ்டி தம்பி, பூசணிக்காய் உடைங்க" என்றார். திருப்பத் திருப்ப இன்ஜின் கொஞ்சம் பிடிக்கும், இருமும், சாகும்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஜெயித்த களை இருந்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அது இல்லை. எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நின்றார். அதுதான் தாங்கமுடியவில்லை.

"பத்தர ஆகிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். கற்பூரம் அணைந்திருந்தது. "பன்னெண்டு மணிக்கு மேல பாத்துக்கலாம், இனிமே தொடாதீங்க" என்று கூட்டம் கலையத் தொடங்கியது.

நான் வண்டியிலிருந்து இறங்கி அதன் முகப்புக்கு முன்னால் சும்மா நின்றேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பெட்ரோல் வாசனை எனக்குத் தெரியும். எண்ணெய் கருகும் வாசனை தெரியும். இது வேறு. பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனை. எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்தால் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள், நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுவேன். பருத்தித் துணி கருகும் வாசனை. யாரோ ஒருவருடைய சட்டை முதுகில் பெட்டியின் வடிவத்தில் பழுப்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

சட்டென்று அப்பாவைப் பார்த்தேன். அவர் மூக்கு விடைத்திருந்தது. தன் துணி மூட்டைகளைப் பதற்றத்தோடு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணி அங்கே கருகவில்லை. இங்கே கருகுகிறது. இன்ஜினுக்குள் ஏது துணி?

உறிஞ்சும், அமுக்கும், எரிக்கும், வெளியே தள்ளும். காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் முதல் மூன்றையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். காற்று வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா. நான்காவதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஆய்வகத்து இன்ஜினின் அந்தச் சிவப்பு வழி கண்முன் வந்தது.

"மாப்ள, வண்டியில உக்காரு. நான் சொன்னதும் சாவியத் திருப்பு."

"ராகு காலம்டா!"

"அக்கா..." என்று திரும்பினேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "திருப்பச் சொல்லு தம்பி. என் கல்யாணம் நல்ல நேரத்துலதான் நடந்துச்சு. என்னத்தக் கண்டேன்?" கூட்டத்தில் நின்ற அவர் கணவர் வானத்தைப் பார்த்தார். சந்து முழுக்கச் சிரித்தது.

ஓடிப்போய் வண்டியின் பின்னால் குத்தவைத்து, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தேன். "திருப்பு!" ஸ்டார்ட்டர் சுற்றியது. புஸ் புஸ்ஸென்று காற்று வந்து கையைத் தள்ள வேண்டும். வரவில்லை. சுவரில் கை வைத்ததுபோல இருந்தது.

"அண்ணே, மூச்சு உள்ள போகுது, வெளிய வரல. குழாய் அடைச்சிருக்கு."

"குழாய நீங்கதான மாட்டுனீங்க? நூலு உருவலையா?"

"வால் ஒண்ணும் தெரியலையேண்ணே" என்றான் மாப்ள. "செவப்பு, பச்சை எல்லாம் உருவிட்டோம்."

வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினோடு குழாய் சேரும் இடத்துக் கிளாம்ப்பைக் கழற்றிக் குழாயைக் கீழே இறக்கினேன். டார்ச் அடித்தேன். கறுப்பு. குழாய்க்குள் கறுப்பாகத்தான் இருக்கும். சைக்கிள் ஸ்போக் ஒன்றைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டேன். கொஞ்ச தூரத்தில் மெத்தென்று எதிலோ குத்தியது. சுற்றி இழுத்தேன். வந்தது. உள்ளங்கையளவு நூல் உருண்டை, ஒரு பக்கம் கருகிப் புகைந்துகொண்டு, தன் வாலோடு.

வால் இருந்தது. ஆனால் கறுப்பு வால்.

அக்கா குனிந்து பார்த்தார். "ஐயோ, இது என் நூலு! ஐயப்ப வேட்டிக்கு ஓட்டுனோமே!"

எல்லாம் விளங்கிவிட்டது. ஐப்பசியில் செல்லூர்த் தறிகளில் பாதி கறுப்புக்கு மாறிவிடும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கான வேட்டியும் துண்டும். அந்த வாரம் வந்த கழிவு மூட்டையும் கறுப்பு. கறுப்புக் குழாய்க்குள் கறுப்பு நூல், கறுப்பு வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. எங்கள் கண் சிவப்பையும் பச்சையையும் தேடிவிட்டு எல்லாம் உருவியாயிற்று என்று முடிவு செய்துவிட்டது. அதை அடைத்தவன் மாப்ள என்று நான் சொல்கிறேன். நான்தான் என்று அவன் சொல்கிறான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

குழாயை மறுபடி மாட்டப் பொறுமை இல்லை. "இப்படியே திருப்பு மாப்ள!" என்றேன்.

திருப்பினான்.

சைலன்சர் இல்லாத இன்ஜின் எப்படிக் கத்தும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அது ஸ்டார்ட் ஆகவில்லை, வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்து பல வருடப் பஞ்சு எங்கள் தலையில் கொட்டியது. சந்தில் ஒரு நாய் திசை தெரியாமல் ஓடியது. தறிகளின் இரைச்சலிலேயே வாழ்ந்த மனிதர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் தரையில் படுத்தபடியே, அந்தக் கர்ஜனைக்கு நேர் கீழே, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. கல்லூரியில் ஒரு சத்தம்கூடப் போடாத அந்த வெட்டுப்பட்ட இன்ஜின் மொத்த பாக்கியையும் சேர்த்துப் பேசியதுபோல் இருந்தது.

அடியிலிருந்து வெளியே வந்தபோது அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் உதடு அசைவது தெரிந்தது. வண்டியை அணைத்த பிறகுதான் கேட்டது. "மூக்காலயே ரிப்பேர் பாக்குற மொத ஆளு நீதாண்டா, டிப்ளமா!"

"எங்க வீட்டு மூக்குண்ணே" என்றேன்.

சுவரோரம் நின்ற அப்பா கருகிய நூல் உருண்டையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "பருத்தி" என்றார். "நான் டாக்டர் சட்டைதான் போச்சுன்னு நெனச்சேன்." சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாயை மாட்டி, சத்தத்தைச் சீராக்கி முடிக்கவும் மணி பன்னிரண்டு ஆகவும் சரியாக இருந்தது. ஸ்டார்ட் பண்ணுவது வேறு, ரோட்டில் இறக்குவது வேறு என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ராகு காலம் கழிந்ததும் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையைத் தட்டினார்.

"அண்ணே, வாங்க. உங்க பிள்ளை இறக்குன இன்ஜினு. நீங்கதான் மொத ஆளா உக்காரணும். எங்கிட்டுப் போகணும்?"

அப்பா தடுமாறிப் போனார். "நான் கோச்சடைக்கும்மா. துணி குடுக்கணும். மொபெட்டு இருக்கு..."

"துணியயும் எடுத்துப் போடுங்க."

அப்படித்தான் தேய்த்த துணி மூட்டைகள் அம்பாசடரின் பின்னிருக்கையில் ஏறின. நானும் மாப்ளயும் அவற்றின் இரு பக்கமும் காவல். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி செல்லூர்ச் சந்தை விட்டு வெளியே வந்தது. அக்கா இரண்டாம் கியரிலேயே பாலம் ஏறினார். வைகையில் மழைத்தண்ணீர் கொஞ்சம் ஓடியது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். அக்கா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. "அவசரம்னா பறந்து போகச் சொல்லு" என்றார். என் காது முழுக்க இன்ஜினில் இருந்தது. ஒரு தும்மல் இல்லை. ஒரு திணறல் இல்லை. பாலத்து இறக்கத்தில் மூன்றாம் கியர் விழுந்தபோது அது ஒரு பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது.

கோச்சடைக் குடியிருப்பில் அப்பா எப்போதும் பக்கத்துச் சின்னக் கதவு வழியாகத்தான் போவார். பெரிய கேட் கார்களுக்கு. அன்று அம்பாசடரைப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, பெரிய கேட்டை விரியத் திறந்து சல்யூட் அடித்தார். அடித்த பிறகுதான் முன்னிருக்கையில் இருப்பது யாரென்று தெரிந்தது.

"யோவ், நீயா!"

"நாந்தான்" என்றார் அப்பா, ஜன்னலில் முழங்கையை வைத்து. "டாக்டர் வீட்டுச் சட்டை வந்திருக்குன்னு சொல்லு. பய இன்ஜினு வேலை பாத்த வண்டி."

பய என்று அவர் சொன்ன விதத்தில் நான் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா வாசலில் நின்று போனில் தாய்மாமனோடு பேசிக்கொண்டிருந்தார். "இல்லப்பா, அவன் வரல. இங்கயே அவனுக்கு வேலை கெடக்கு" என்பது மட்டும் கேட்டது. ஆணியில் வெள்ளைச் சட்டை அப்படியே தொங்கியது. "கெடக்கட்டும், தீபாவளிக்குப் போடு" என்று அம்மாதான் சொன்னாள்.

மறுநாள் காலை காக்கிச் சட்டையைத் தேடினேன். வழக்கமாகக் கொடியில் சுருண்டு கிடக்கும். அங்கே இல்லை. வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்து ஆணியில் ஹேங்கரில் மாட்டியிருந்தது. கை இரண்டிலும் மடிப்பு. காலர் நிமிர்ந்து நின்றது. எண்ணெய்க்கறை போகவில்லை, ஆனால் கறைகூடச் சுருக்கமில்லாமல் இருந்தது. கீழே இரண்டு செய்தித்தாள்கள், எண்ணெயைக் குடித்துப் பெட்டியின் வடிவத்தில் பழுத்துக் கிடந்தன. வாடிக்கைக்காரர் துணிகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத் தாளை மேலே விரித்துத் தேய்த்திருக்கிறார்.

பட்டறையில் மாப்ள என்னைச் சுற்றி வந்து பார்த்தான். "என்ன மாப்ள, பொண்ணு பாக்கப் போறியா?" அண்ணன் வரிசையில் நின்ற அடுத்த வண்டியின் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டார்.

அந்த மடிப்பு மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்தபோது முதுகும், எண்ணெய் மாற்றியபோது கையும் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, ஒளித்துவைப்பதுபோலச் சுருட்டினேன். வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"சுருட்டாத. அலசிப் போடு. கடைசியாப் போட்டுத் தாரேன்."